கல்சியப் போத்தலில் ஒரு கோடு

என் மருமகனை முதல் இரண்டு வருடம் நான் நம்பவில்லை. குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவர் இல்லை. வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர், தம்புள்ளையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. என் மகள் அதே பாதையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். தினமும் ஒரே பஸ்ஸில் போய் வந்ததில் நடந்த கல்யாணம் அது. என்னோடு பேசும்போது தலையைக் கொஞ்சம் குனிந்து, "சொல்லுங்கோ மாமி" என்பார். அந்த மரியாதைதான் எனக்கு உறுத்தியது. மாத்தளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தவள் நான். என்னை ஏமாற்றியவர்கள் யாரும் திட்டிக்கொண்டு ஏமாற்றவில்லை. கலவரத்தில் எங்கள் கதவைக் காட்டிக் கொடுத்தவன் முதல் நாள்தான் எங்களிடம் தேங்காய் கேட்டு வாங்கிப் போனான். போகும்போது என் பிள்ளையின் தலையைத் தடவிவிட்டும் போனான்.

வீட்டுக்காரர் இறந்த பிறகு தோட்டத்து லயத்துக் காம்பராவை விட்டுவிட்டு, மாத்தளை டவுனில் மகள் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தேன். ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி, பின்னால் கிணறு. மகளும் மருமகனும் விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். பகலெல்லாம் வீடு என் பொறுப்பு.

சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையை மூடிய மூன்றாவது மாதம், ஒரு சின்ன லொறியில் கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. நாலடி நீளம். நாலு பேர் பிடித்துத்தான் உள்ளே வைத்தார்கள். பிறகு சிலாபத்திலிருந்து வருகிற மீன் லொறியில் கான் கானாகக் கடல் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு கொழும்பில் அலங்கார மீன் வியாபாரம் செய்கிற அவருடைய கூட்டாளி பொலித்தீன் பைகளில் முருகைக்கல், பவளப்பாறை என்பார்களே, அதன் துண்டுகளைக் கொண்டு வந்தார். கல் என்று சொல்கிறார்களே தவிர அதற்கு உயிர் உண்டு. ஒன்று மான் கொம்பு மாதிரி, ஒன்று கறிக்கு வாங்குகிற பூக்கோவா மாதிரி, இன்னொன்று மூளையை வெளியே எடுத்து வைத்த மாதிரி. பகலில் அதன் மேல் சின்னச் சின்னப் பூ விரியும். தொட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"சும்மா மாமி, பார்க்கிறதுக்கு" என்றார்.

சும்மா என்று சொல்லி யாரும் இவ்வளவு பாடுபட மாட்டார்கள். அவர் கடற்கரை ஊரில் பிறந்தவர், தாயும் சகோதரிகளும் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள் என்பதையெல்லாம் நான் பிறகுதான் சேர்த்துப் பார்த்தேன். அப்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்த மனிதர் எதையோ மறைக்கிறார்.

அந்தச் சந்தேகம் வளர்வதற்கு ஏற்றாற்போல வெள்ளைத் தூள்கள் வர ஆரம்பித்தன. மூன்று டப்பா. மூன்றும் வெள்ளை. ஒன்றை அவர் போத்தலில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினார். போத்தலைப் பிடித்துப் பார்த்தேன், சுட்டது. அடுப்பு இல்லை, நெருப்பு இல்லை, பச்சைத் தண்ணீர் கொதித்த மாதிரிச் சுடுகிறது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன்.

"என்னாங்க இது, சுடுது?"

"கல்சியம் மாமி. தண்ணியிலை கரையேக்கை சூடு வரும். பயப்பிடாதேங்கோ."

கல்சியம் என்றால் பல்லுக்கும் எலும்புக்கும் கொடுக்கிற மாத்திரை என்று கிளினிக்கில் கேட்டிருக்கிறேன். அது சுடும் என்று யாரும் சொன்னதில்லை. இரண்டாவது டப்பாவில் இருந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தோட்டத்து மருந்தறையில் வயிறு கட்டினால் கொடுக்கிற பேதி உப்பு. அது மெக்னீசியமாம். மூன்றாவது அப்பச் சோடாவைச் சட்டியில் வறுத்தது.

பாமசியில் மகள் கிலோக் கணக்கில் பேதி உப்பு வாங்கியதைப் பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா பார்த்திருக்கிறாள். வேலிக்கு மேலே எட்டிக் கேட்டாள்:

"அக்கா, ஒங்கட வீட்ல யாருக்கு வயிறு இந்த மாதிரிக் கட்டி ஈக்கிது?"

"கல்லுக்குக் குடுக்குறோம்."

"கல்லுக்கா? அல்லாஹ்வே! கல்லுக்கு வெளிய போகலியா?"

சிரித்துவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் அவள் சொல்லாமல் விட்டதும் எனக்குக் கேட்டது. குண்டு வெடிக்கிற காலத்தில் தமிழ் வீட்டில் கிலோக் கணக்கில் வெள்ளைத் தூளும், கான்களும், ஊசி இல்லாத சிரிஞ்சும் இருந்தால் ஊர் என்ன நினைக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று மருமகன் வந்ததும் நேராகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒரு கதிரையைத் தண்ணீர்ப் பெட்டிக்கு முன்னால் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"மாமி, இந்த முருகைக்கல் தன்ரை எலும்பைத் தானே கட்டுது. கடலிலை கல்சியம் குறையாது. இந்தப் பெட்டி சின்னன், நாள் போகப் போகக் குறையும். நாங்கள் விட வேணும்."

"அப்ப பேதி உப்பு?"

"அது இல்லாட்டில் கல்சியம் தண்ணியிலை நிக்காது. வெள்ளையாய் இறுகி அடியிலை போய்க் கிடக்கும். மெக்னீசியம்தான் அதைப் பிடிச்சு வைச்சிருக்கிறது."

இந்தப் பேச்சு எனக்குப் பிடிபட்டது. மாத்தளைத் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கிறது. தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கிற கேத்தலுக்குள் வெள்ளைப் பொருக்கு பிடிக்கும், மாதம் ஒரு தரம் புளி போட்டுக் கொதிக்க வைத்தால்தான் விடும். தண்ணீருக்குள் கல் கரைந்து இருக்கும், இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

அவர் விடிய ஐந்தரைக்கே கிளம்புவதால் மருந்து ஊற்றுகிற வேலை என்னிடம் வந்தது. சிவப்பு மூடி கல்சியம். காலையில் கோயில் மணி அடித்ததும் சிரிஞ்சில் இருபது கோடு, பம்ப் தண்ணீர் தள்ளுகிற இடத்தில் மெதுவாக. ஒரு மணித்தியாலம் விட்டு நீல மூடி சோடா, அதே அளவு. இரண்டையும் ஒன்றாக ஊற்றினால் பெட்டிக்குள் பால் கலந்த மாதிரி ஆகிவிடும், அதை ஒரு நாளும் செய்யக் கூடாது. வெள்ளை மூடி பேதி உப்பு வெள்ளிக்கிழமை மட்டும். ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், உப்புத் தண்ணீர் இல்லை. ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து ஊற்றினேன். எனக்குத் தெரிந்த படிப்பு மூன்றாம் வகுப்பு. ஆனால் ஒரு வேலையை என்னிடம் கொடுத்தால் இரண்டாம் தரம் வந்து பார்க்கத் தேவை இல்லை. தோட்டத்தில் என் நிரையில் விட்டுப்போன கொழுந்தைக் காட்டி என்னைத் திட்டிய கங்காணி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் தண்ணீரைச் சோதிப்பார். சின்னக் கண்ணாடிக் குழாயில் பெட்டித் தண்ணீர் எடுத்து, ஒரு தூளும் ஒரு மருந்தும் போடுவார். ரோஸ் நிறம் வரும். பிறகு இன்னொரு போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார். ரோஸ் போய் நீலமாக மாறுகிற வரைக்கும் எத்தனை சொட்டு என்று எண்ணுவார். ஒரு சொட்டுக்கு இருபது. இருபத்தொரு சொட்டு என்றால் நானூற்று இருபது, அதுதான் நல்ல அளவு. பேதி உப்புக்கும் அதே மாதிரி ஒரு சோதனை, அது ஆயிரத்து முந்நூறில் நிற்க வேண்டும். முதல் ஆறு மாதம் சரியாக நின்றது. மான் கொம்பு விரல் நகம் அளவு வளர்ந்தது. "மாமியின்ரை கை நல்ல கை" என்று கூட்டாளியிடம் டெலிபோனில் சொன்னார். கேட்காத மாதிரி நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

பிறகு பாதையில் ஆமிக்காரரின் சோதனை கூடியது. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடுவில் பஸ்ஸை நாலு இடத்தில் நிறுத்தி இறக்குவார்களாம். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் மருமகனை மட்டும் தனியாக நிற்க வைப்பார்களாம். ஐந்து மணிக்கு வந்தவர் ஏழு மணிக்கு வந்தார். ஞாயிறும் கந்தோரில் வேலை என்று கூப்பிட்டார்கள். அதனால் தண்ணீர் சோதனை வெள்ளிக்கிழமை இரவுக்கு மாறியது. அதே மாதத்தில் பெட்டிக்கு மேலே இருந்த பழைய லைட் எரிந்துபோய், கூட்டாளி புது லைட் அனுப்பினார். நீல வெளிச்சம். முருகைக்கல்லுக்கு அதுதான் பிடிக்குமாம்.

இந்த இரண்டும் நடந்த பிறகு கல்சியம் குறைய ஆரம்பித்தது.

முதல் வாரம் முந்நூற்று எண்பது. இரண்டாம் வாரம் முந்நூற்று நாற்பது. பேதி உப்பும் குறைவு என்றே காட்டியது.

"மாமி, காலமை மருந்து விட்டனீங்களோ?"

"ஊத்துனேங்க."

"ஒவ்வொரு நாளும்?"

"ஒவ்வொரு நாளும்தான்."

"இல்லை, மறந்திருப்பீங்களோ எண்டு..."

"சோறாக்க மறந்தேனா? உங்க சட்டையைத் தோய்க்க மறந்தேனா?"

அவர் கையைக் கழுவப் போய்விட்டார். மகள் என்னை முறைத்தாள்.

யார் மேல் சந்தேகப்படுவது என்று எனக்கும் தெரியவில்லை. முதலில் கொழும்புக் கூட்டாளி மேல் சந்தேகப்பட்டேன். தூளில் மாவு கலந்திருப்பான் என்று ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், அரை மணி நேரம் வாய் கசந்தது. பிறகு ராத்தாவின் கண். பிறகு என் மகள். அவளுக்கு அந்தப் பெட்டி மேல் பொறாமை உண்டு, புருஷன் தன்னைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்க்கிறான் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை சிவப்பு மூடிப் போத்தலை எடுத்தபோது ஒன்றைக் கண்டேன். போத்தலின் பக்கத்தில், தண்ணீர் நின்ற மட்டத்துக்குச் சரியாக, நீலப் பேனையால் ஒரு மெல்லிய கோடு.

அந்தக் கோடு என்னவென்று எனக்குத் தெரியும். துரை பங்களாவில் சமைத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வேலைக்காரன் குடிக்கிறானா என்று பார்க்க, சாராயப் போத்தலில் துரை இப்படித்தான் கோடு போட்டு வைப்பாராம். என் மகள் வீட்டில், நான் சமைத்துப் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, எனக்குக் கோடு.

அன்றைக்கு நான் அழவில்லை. வெற்றிலைத் தட்டை எடுத்து, சுண்ணாம்பைத் தொட்டு, அவருடைய கோட்டுக்கு நேரே ஒரு பொட்டு வைத்தேன். மருந்து ஊற்றிய பிறகு தண்ணீர் இறங்கிய இடத்தில் இன்னொரு பொட்டு. மறுநாளும் ஒன்று. வெள்ளிக்கிழமைக்குள் போத்தலில் ஆறு பொட்டு வரிசையாக நின்றது. பார்க்கட்டும்.

அவர் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தண்ணீரைச் சோதித்தார். முந்நூற்று இருபது.

"மாமி, போத்தலிலை குறைஞ்சிருக்கு. பெட்டியிலை கூடேல்லை. அப்ப எங்கை விடுறீங்கள்?"

"எங்க ஊத்துறேனா?"

"இல்லை, கழுவேக்கை கிழுவேக்கை... தெரியாமல்..."

"நேராச் சொல்லுங்க மாப்பிள்ளை. கிழவி மருந்தைக் கிணத்தடியில ஊத்திட்டுப் பொட்டு வைக்கிறான்னு சொல்லுங்க."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

மகள் நடுவில் வந்தாள். "அம்மா, ரெண்டையும் ஒண்ணா ஊத்தியிருப்பீங்களோ? அப்படின்னா வெள்ளையா இறுகிரும்னு இவங்க சொன்னாங்கல்ல?"

"நீயுமா?" என்றேன்.

அடுத்த நாளிலிருந்து அளவை நாற்பது கோடாக்கச் சொன்னார். கல்சியமும் பேதி உப்பும் இரட்டிப்பு. சொன்னபடி செய்தேன். ஒரு கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இரண்டு வாரத்தில் மான் கொம்பின் பூ விரிவது நின்றது. மூளை மாதிரி இருந்தது சுருங்கி வெளிறியது. பம்ப் சத்தம் மாறியது. அதைக் கழற்றிக் கழுவுவதும் என் வேலைதான். கழற்றிப் பார்த்தால் அதன் வாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. நகத்தால் சுரண்டினேன். கேத்தலில் பிடிக்கிற அதே பொருக்கு.

குசினியில் உட்கார்ந்து நீண்ட நேரம் அந்தப் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு என்றால் பொருக்கு எப்படிப் பிடிக்கும்? இல்லாத பொருள் எப்படி ஒட்டும்? மருமகனின் சொட்டு, குறைவு என்கிறது. பம்ப், கூட என்கிறது. இரண்டில் ஒன்று பொய். பம்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மருமகன் வந்ததும் காட்டினேன்.

"கூடிப் போச்சுங்க. பாருங்க, கேத்தல்ல பிடிக்கிற மாதிரி."

"மாமி, ரெண்டையும் ஒண்டாய் விட்டாலும் இப்பிடித்தான் வரும்" என்றார். முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அன்று நாலாவது சோதனைச் சாவடியில் அவரை இரண்டு மணித்தியாலம் நிற்க வைத்திருந்தார்களாம். அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன் என்று சொல்ல முடியாது.

"வர்ற ஞாயித்துக்கிழம நாவுலைக்குப் போறேன். தம்பி வீட்டுக்கு" என்றேன். "திரும்பி வர மாட்டேன். கோடு போட்ட வீட்ல எனக்குச் சோறு இறங்காது."

மகள் அழுதாள். மருமகன் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது. போவது பெரிய காரியம் இல்லை, எங்கே இருந்தாலும் எனக்கு இரண்டு கை உண்டு. ஆனால் பொய்க்காரி என்ற பேரை விட்டுவிட்டுப் போனால் அது இந்த வீட்டில் இருந்துகொண்டே இருக்கும். பேரப்பிள்ளை பிறந்தால் அதற்கும் சொல்வார்கள்.

சனிக்கிழமை இருட்டுகிற நேரம், துணிகளைப் பையில் அடுக்கிவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றேன். ஹோலில் வேறு விளக்குப் போடவில்லை. அந்த நீல வெளிச்சம் மட்டும்தான். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கிட்டப் போய் வாயைப் பார்த்தேன். வெற்றிலை போட்டால் என் உதடு நல்ல சிவப்பாகும், தோட்டத்தில் அதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள். கண்ணாடியில் உதடு நாவற்பழம் தின்ற மாதிரிக் கருநீலமாக இருந்தது. கையால் துடைத்துப் பார்த்தேன். விரலும் கருநீலம். குசினிக்குப் போய்ப் பல்பின் கீழே பார்த்தேன். சிவப்பு. திரும்பி வந்தேன். கருநீலம்.

ரோஸ் நீலமாகிற வரைக்கும் சொட்டு விடுகிறார். எங்கே நின்று விடுகிறார்? இந்த லைட்டின் கீழே.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், கிழவி போவதற்கு மனமில்லாமல் கதை கட்டுகிறாள் என்பார்கள். காட்டினால்தான் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கந்தோர் இல்லை. பத்து மணி நாவுலை பஸ்ஸுக்குப் பையைக் கதவோரம் வைத்துவிட்டுச் சொன்னேன்:

"போறதுக்கு முன்ன ஒரே ஒரு தடவ என் கண் முன்னால சோதிச்சுக் காட்டுங்க. நான் பொய்க்காரிதான்னா பார்த்துட்டே போறேன்."

அவருக்கு விருப்பம் இல்லை. ஆனால் வழக்கம்போல, பகலிலும் இருட்டாக இருக்கிற அந்த மூலையில் பெட்டிக்கு முன்னால் குந்தி, குழாயில் தண்ணீர் எடுத்தார். தூள், மருந்து, பிறகு சொட்டு. மகள் பக்கத்தில் நின்று எண்ணினாள். பதினாறாவது சொட்டில் குழாயை லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"நீலம். முந்நூற்றி இருபது."

"நல்லாப் பாருங்க. நீலந்தானா?"

"நீலந்தான் மாமி."

"நீ சொல்லு" என்றேன் மகளிடம்.

"நீலம்தாம்மா."

"அப்ப அதை இப்படிக் குடுங்க."

குழாயை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழைக்காலத்தில் கணக்கப்பிள்ளை கொட்டகைக்குள் இருட்டில் தராசைத் தொங்கவிட்டுக் கொழுந்து நிறுப்பார். முள் எங்கே நிற்கிறது என்று எங்களுக்குத் தெரியாது, அவர் சொல்கிற ராத்தல்தான் ராத்தல். பொம்பிளைகள் கூடையை இறக்காமல் நிற்போம். "தராசை வெளிய மாட்டுங்க, அப்பதான் இறக்குவோம்" என்போம். மழை பெய்தாலும் வெளியே மாட்டத்தான் வேண்டும். வெளிச்சத்தில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி, ராத்தலைச் சத்தமாகச் சொல்லி நிறுக்க வேண்டும். கணக்கப்பிள்ளை கள்ளனா இல்லையா என்பது வேறு பேச்சு. இருட்டில் நிறுத்தது கணக்கில் இல்லை, அவ்வளவுதான்.

வாசலில் காலை வெயில் நேராக விழுந்தது. குழாயை உயர்த்திப் பிடித்தேன்.

"வந்து பாருங்க ரெண்டு பேரும்."

ரோஸ். கொஞ்சம் ஊதா கலந்த, ஜம்புப் பூ மாதிரி நல்ல ரோஸ்.

மருமகன் வந்து பார்த்தார். குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளே கொண்டுபோய் லைட்டின் கீழே பிடித்தார், திரும்ப வெளியே கொண்டு வந்தார். மூன்று தரம் போய் வந்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மிச்சத்தையும் விடுங்க" என்றேன். "சத்தமா எண்ணுங்க."

"பதினேழு... பதினெட்டு..."

இருபத்தொன்றைத் தாண்டியபோது அவர் குரல் இறங்கியது. "சத்தமா" என்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டாள். இருபத்தாறாவது சொட்டில் ரோஸ் அடங்கி, தெளிந்த நீலம் வந்தது. அது நீலம்தான், எனக்கும் அதில் சந்தேகம் இல்லை.

"ஐந்நூற்றி இருபது" என்றார் மருமகன்.

பேதி உப்பையும் சோதித்தார். அதுவும் அளவுக்கு மேலே எங்கேயோ நின்றது.

"கூடத்தான் போட்டிருக்கிறம்" என்றார் மெதுவாக. "கல்சியம் கூடி, தாங்காமல், பம்பிலையும் அடியிலையும் இறுகியிருக்கு. அதுதான் கொம்பு பூக்கேல்லை. முந்தி யன்னலடியிலை வைச்சுப் பார்த்தனான். இப்ப வரேக்கை இருட்டு..."

"யக்கா, என்னா நடக்கிது?" என்று ராத்தா குரல் கொடுத்தாள்.

"நிறுவை நடக்குது. சும்மா இரு."

மருமகன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வழியிலை நாலு இடத்திலை கேக்கிறாங்கள் மாமி. எங்கை போறாய், என்னத்துக்குப் போறாய், உண்மைதானோ எண்டு. ஓம் எண்டு சொன்னாலும் நம்பாயினம். திரும்பவும் அதையே கேப்பினம். வீட்டை வந்து நானும்..."

சொட்டுப் போத்தலை மூடினார்.

"அதுக்கு நான் என்ன, உங்க செக்பொயிண்டா?" என்றேன். சிரிப்பு வரவில்லை எனக்கு. அவருக்கு வந்தது. வந்த உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மன்னிப்பு என்ற வார்த்தை அன்றைக்கு வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது எனக்குப் பழக்கம் இல்லை. நாவுலை பஸ் சந்தியில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது எல்லாருக்கும் கேட்டது. மகள் பையை எடுத்து உள்ளே வைத்தாள். நான் அதைப் பிரிக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.

மூன்று வாரம் கல்சியமும் பேதி உப்பும் நிறுத்தினோம். மீன் லொறியில் புதுத் தண்ணீர் வந்தது, பாதிப் பாதியாக மாற்றினோம். மூளை பிழைத்துக்கொண்டது. பூக்கோவா ஒரு பக்கம் செத்தது, மறு பக்கம் நின்றது. மான் கொம்பு போய்விட்டது. வெள்ளையாக, எலும்பு மட்டும் மிஞ்சியது. அதை அவர் எறியவில்லை, கழுவி அலுமாரி மேல் வைத்தார். அது செத்தது என்னாலா, அவராலா என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் நான் சொன்னதில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு. நான் சோறு வடிக்கப் போகிற நேரம். மருமகன் குழாயும் சொட்டுப் போத்தலும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

"மாமி, ஒருக்கா வாங்கோ."

"நீங்களே பாருங்க. வெளிச்சம் இருக்குல்ல?"

"இல்லை. நீங்கள் வந்து பாருங்கோ."

"சோறு குழைஞ்சிரும்."

"வடிச்சுப்போட்டு வாங்கோ. நான் இருக்கிறன்."

வேண்டுமென்றே மெதுவாக வடித்தேன். கஞ்சியை ஊற்றி, பானையைச் சரித்து, மூடி, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, ஒரு வெற்றிலையையும் போட்டுக்கொண்டேன். எட்டிப் பார்த்தால் ரோஸ் நிறக் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். வெயில் காலடிக்கு நகர்ந்துவிட்டது, அவரும் வெயிலோடு ஒரு படி நகர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டும் விட்டிருக்கவில்லை.

போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ம், விடுங்க."

அவர் சொட்டு விட்டார், நான் நிறம் பார்த்தேன். பத்தொன்பதில் "நீலம் மாதிரி இருக்கு, என்ன?" என்றார். "இல்ல, இன்னும் ரோஸ் இருக்கு" என்றேன். மறுபேச்சில்லாமல் அடுத்ததை விட்டார். இருபத்தொன்றில் போதும் என்றேன். அவர் குழாயைத் தன் கண்ணுக்கு நேரே கொண்டுபோகவே இல்லை; நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

எழுதியது நானூற்று இருபதுதானா என்று நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன்.